தேநீரும் இரும்பு மாத்திரையும்

(க.பொ.த. உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு)



எமது நாட்டில் ஒரு பெண் கர்ப்பமுற்றுச் சிகிச்சை நிலையத்தில் தன்னைப் பதிவு செய்துகொண்டால், அவளுக்கு வேண்டிய போசணை மாத்திரைகள் யாவும் இலவசமாகவே கிடைக்கின்றன. இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை, விற்றமின் சி, கல்சியம், உரிய மாதத்தில் பூச்சி மாத்திரை, அவற்றுடன் திரிபோஷாவும் வழங்கப்படுகின்றன. கொழும்பில் மாடி வீட்டில் இருப்பவருக்கும் டயகம தோட்டத்து லயன் காம்பராவில் இருப்பவருக்கும் ஒரே மாத்திரைதான்.

அப்படியிருந்தும், ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தில் தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கும் டயகமவைப் போன்ற இடங்களில் வெளிறிய முகத்துடன், நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும் கர்ப்பிணித் தாய்மாரை நாம் இன்றும் காண்கிறோம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டத்துறையில் மட்டும் எடுத்துப் பார்த்தால் அது ஏறத்தாழ 32 சதவீதம். மூன்றில் ஒரு பிள்ளை! இந்தக் குறையின் ஒரு பகுதி பிள்ளை பிறப்பதற்கு முன்னரே, தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. போதாத சம்பளம், மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டி, மழையிலும் வெயிலிலும் ஓயாத வேலை, ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் அன்றைய பெயர் இழப்பு, இப்படிப் பலவற்றைச் சொல்லலாம். அவை பெரியவர்களும் அரசாங்கமும் சேர்ந்து தீர்க்க வேண்டியவை. ஆனால் ஒரு ரூபாயும் செலவில்லாமல் ஒவ்வொரு வீட்டிலும் நாமே திருத்தக்கூடிய ஒரு காரணமும் உண்டு. அதுதான் மாத்திரை விழுங்கும் நேரம். இக்கட்டுரை அதைப் பற்றியதே.

முதல் 28 நாட்கள்

கருக்கட்டல் நடந்த பின்னர் முளையத்தின் கலங்கள் மிக வேகமாகப் பிரிகின்றன. மூன்றாவது வாரத்தில் முளையத்தின் முதுகுப் பக்கத்தில் ஒரு தட்டுத் தோன்றுகிறது. அதன் இரு ஓரங்களும் உயர்ந்து, வாழையிலை சுருள்வது போல் ஒன்றையொன்று நோக்கி வளைந்து, இணைந்து ஒரு குழாயாகின்றன. இதுவே நரம்புக் குழாய். பின்னர் இதன் மேற்பகுதி மூளையாகவும் கீழ்ப்பகுதி முண்ணாணாகவும் விருத்தியடையும். இந்தக் குழாய் ஏறத்தாழ 28ஆம் நாளில் முழுவதுமாக மூடிவிட வேண்டும். கீழே மூடாமல் விட்டால் பிள்ளை முள்ளந்தண்டு பிளந்த நிலையில் பிறக்கும். மேலே மூடாமல் விட்டால் மூளையும் மண்டையோடும் முறையாக உருவாகாது. அப்படிப் பிறக்கும் பிள்ளை உயிர் தங்குவதில்லை.

கலங்கள் பிரிவதற்கு டீ.என்.ஏ. தேவை. டீ.என்.ஏ. ஆக்கப்படுவதற்குப் போலிக் அமிலம் தேவை. ஆகவே இக்குழாய் மூடும் நாட்களில் தாயின் குருதியில் போலிக் அமிலம் போதியளவு இருக்க வேண்டும்.

இங்கே நாம் நாட்களைக் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு மாதவிடாய் தவறும்போது கருக்கட்டி ஏற்கெனவே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகியிருக்கும். "ஒருவேளை இருக்குமோ?" என்று அவள் யோசித்து, வீட்டில் சொல்லத் தயங்கி, இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம் என்று விட்டால் நரம்புக் குழாய் மூடும் வேலை முடிந்துவிடும். அதன் பின்னர் சிகிச்சை நிலையத்துக்குப் போய் மாத்திரையைப் பெற்றாலும், அந்தக் குழாயைப் பொறுத்தவரை அது பந்தல் பிரித்த பின் வந்த விருந்தாளிதான். மாத்திரையின் மற்றப் பயன்கள் கிடைக்கும், இந்தப் பயன் கிடைக்காது.

ஆதலால் போலிக் அமிலத்தைப் பிள்ளை உண்டாவதற்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். பிள்ளைக்கு ஆயத்தமாகும் நாளிலிருந்து 12 வாரம் முடியும்வரை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், அதாவது 0.4 மில்லிகிராம், எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முன்னர் இவ்வாறான குறையுடன் பிள்ளை பெற்றவர்கள், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோருக்குக் கூடுதலான அளவு தேவைப்படலாம். அதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

எமது பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், நாம் வழக்கமாக 'மிட்வைப் அம்மா' என்று அழைப்பவர், கர்ப்பிணிகளை மட்டுமன்றிப் புதிதாக மணமுடித்த தம்பதிகளையும் பதிவு செய்கிறார். இம்மாத்திரையை அவரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டுப் பெறலாம். ஆனால் "இன்னும் ஒன்றும் இல்லையே, ஏன் கிளினிக் போக வேண்டும்?" என்ற வெட்கம் பலரைத் தடுக்கிறது. கலியாண வீட்டில் சேலையும் நகையும் பாத்திரமும் பட்டியல் போட்டு வாங்குகிறோம். அந்தப் பட்டியலின் ஓரத்தில் இந்தச் சிறிய மாத்திரைக்கும் ஓரிடம் கொடுத்தால் என்ன?

பம்பாயில் கிடைத்த விடை

போலிக் அமிலத்தின் கதை எமக்கு அந்நியமான கதையன்று. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர் 1928இல் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பமுற்ற காலத்தில் கடுமையான குருதிச்சோகைக்கு ஆளாகி இறந்துகொண்டிருந்தனர். ஏன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. வில்ஸ் அவர்களது உணவை ஆராய்ந்தார். வறிய முஸ்லிம் பெண்களின் உணவே மிகவும் குறைபாடுடையதாக இருந்தது என்பதையும், நோய்க்கு அதிகமாக ஆளானவர்களும் அவர்களே என்பதையும் கண்டார். எலிகளிலும் குரங்குகளிலும் சோதனை செய்து, மதுவத்திலிருந்து தயாரிக்கப்படும் மலிவான ஓர் உணவைக் கொடுத்தபோது நோய் மாறுவதைக் கண்டு, 1931இல் அதனை வெளியிட்டார். அந்த உணவு வேறொன்றுமில்லை, எமது வீடுகளில் பாணுக்குப் பூசுகின்ற மாமைட்தான்!

மாமைட்டில் இருந்த அப்பொருள் எதுவென்று அப்போது தெரியாது. 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நான்கு தொன் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். இலையிலிருந்து வந்ததால், இலையைக் குறிக்கும் 'போலியம்' என்ற இலத்தீன் சொல்லைக் கொண்டு போலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். பின்னர் ஏழு நாடுகளில் 33 நிலையங்களில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 1991இல் வெளிவந்தது. ஏற்கெனவே நரம்புக் குழாய்க் குறையுடன் பிள்ளை பெற்ற தாய்மார் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போலிக் அமிலம் எடுத்தபோது, அடுத்த பிள்ளைக்கு அக்குறை ஏற்படும் அபாயம் 72 சதவீதத்தால் குறைந்தது. ஏழைத் தொழிலாளப் பெண்களின் துன்பத்திலிருந்து பிறந்த அறிவு இது. இன்று அதே போன்ற தொழிலாளப் பெண்களுக்கு அது போய்ச் சேராமலிருப்பது எவ்வளவு பெரிய குறை!

ஆயிரம் மில்லிகிராம் இரும்பு

அடுத்ததாக இரும்பைப் பார்ப்போம். கர்ப்ப காலத்தில் தாயின் குருதியின் கனவளவு ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதத்தால் கூடுகிறது. கூடும் குருதிக்கும், பிள்ளைக்கும், சூல்வித்தகத்துக்கும், அன்றாட இழப்புக்குமாகக் கர்ப்ப காலம் முழுவதற்கும் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ரொட்டியும் பருப்பும் மரக்கறியும் மட்டும் உண்ணும் ஒருவருக்கு இவ்வளவும் உணவிலிருந்தே கிடைப்பது கடினம். அதனால்தான் நாள்தோறும் 30 முதல் 60 மில்லிகிராம் வரை இரும்பு மாத்திரையாகக் கொடுக்கப்படுகிறது.

கர்ப்பிணியின் குருதியில் ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11 கிராமிலும் குறைந்தால் அது பொதுவாகக் குருதிச்சோகை எனக் கொள்ளப்படும். மலையகத்தவர் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் இங்குண்டு. டயகம கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கும் மேலே உள்ளது. உயரமான இடத்தில் காற்றில் ஒட்சிசனின் அமுக்கம் குறைவு. ஆகவே உடல் அதை ஈடுசெய்யக் கூடுதலாக ஈமோகுளோபினை ஆக்குகிறது. எனவே உயரமான இடங்களில் வாழ்வோரின் அளவை உயரத்துக்கேற்பத் திருத்திப் பார்க்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மட்டக்களப்பில் ஒருவருக்கு 11 இருப்பதும் டயகமவில் ஒருவருக்கு 11 இருப்பதும் ஒன்றல்ல. "பதினொன்று இருக்கிறதே, போதும்" என்று மலைநாட்டுத் தாய் மாத்திரையைக் கைவிடக் கூடாது.

பூச்சி மாத்திரை கொடுப்பதும் இதனோடு தொடர்புடையதுதான். மண்ணிலுள்ள கொழுக்கிப்புழுவின் குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, கடைசியில் குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். கொழுந்து மலைகளில் வெறுங்காலுடன் நின்று வேலை செய்தோரை இப்புழு வாட்டியது. 1910களிலேயே அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது அதனாலேயே. பூச்சி மாத்திரையை முதல் மூன்று மாதம் கழிந்த பின்னரே, உத்தியோகத்தர் சொல்லும் நேரத்தில் எடுக்க வேண்டும்.

தேநீர் செய்வது என்ன?

பாடசாலை ஆய்வுகூடத்தில் எவரும் செய்து பார்க்கக்கூடிய ஓர் இலகுவான சோதனை உண்டு. ஆறிய சாயத் தேநீரில் பெரிக் குளோரைட்டுக் கரைசல் சில துளிகளை விடுங்கள். தேநீரின் செந்நிறம் மறைந்து மை போல் கறுத்துவிடும். அது மை போல இருப்பது தற்செயலன்று. முற்காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துத்தான் மை காய்ச்சினார்கள். கடுக்காயில் இருப்பது தனின், தேயிலையில் இருப்பதும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. அன்னபேதி என்பது பெரசு சல்பேற்று, இரும்பு மாத்திரைகள் பலவற்றில் இருக்கும் அதே உப்பு.

இரும்பு மாத்திரையை விழுங்கிவிட்டு மேலே ஒரு கோப்பை தேநீர் குடித்தால் வயிற்றினுள்ளும் இதுதான் நடக்கிறது. தனின் இரும்போடு சேர்ந்து கரையாத ஒரு சேர்வையாகிறது. கரையாததைக் குடல் உறிஞ்சாது, அது அப்படியே வெளியேறிவிடும். 1975இல் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் கதிர்த்தொழிற்பாடுள்ள இரும்பைக் கொண்டு இதை மனிதரில் அளந்து காட்டினர். இரும்பு உப்புக் கரைசலிலிருந்தும், பாணிலிருந்தும், சோற்றிலிருந்தும் கிடைக்கும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தேநீர் குறைத்தது. மரக்கறி உணவையே பெரிதும் உண்போர் சாப்பாட்டோடு தேநீர் குடிப்பது இரும்புக் குறைபாட்டுக்கு வழிவகுக்கலாம் என்றும் அவர்கள் எழுதினர்.

இதைத் தோட்டத்தின் ஒரு நாளோடு பொருத்திப் பாருங்கள். விடியற்காலை எழுந்ததும் ஒரு தேத்தண்ணி. பெரட்டுக்குப் போகுமுன் ரொட்டியோடு இன்னொன்று. பத்து மணிக்கு மலையில் ஒன்று. பகல் கொழுந்து நிறுத்து வந்து சாப்பாட்டோடு ஒன்று. மாலை வீடு திரும்பியதும் ஒன்று. உலகத்துக்குத் தேநீர் கொடுக்கும் கைகள் தமது களைப்புக்கு அதையே மருந்தாகக் கொள்கின்றன. குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை. இந்த வாழ்க்கையில் "தேத்தண்ணி குடிக்காதே" என்று சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. தேநீர் எமது எதிரியுமன்று. தேநீருக்கும் மாத்திரைக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது, முடிந்தால் இரண்டு மணித்தியாலம், இடைவெளி இருந்தால் போதும்.

ஒரு நாளுக்கு ஓர் ஒழுங்கு

கல்சியமும் இரும்பும் ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் போனாலும் கல்சியம் இரும்பின் உறிஞ்சலைக் குறைக்கும். கல்சியம் பிள்ளையின் என்புக்கும் பல்லுக்கும் வேண்டியது. கல்சியம் குறைவாக உண்ணும் தாய்மாருக்குக் கர்ப்ப கால உயர் குருதியமுக்கத்தின் ஆபத்தையும் அது குறைக்கிறது. ஆகவே இரண்டும் வேண்டும், ஆனால் வேறு வேறு வேளைகளில். விற்றமின் சி இரும்பின் நண்பன். அதை இரும்போடு சேர்த்தே விழுங்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு நாளில் இப்படி அமைக்கலாம்:

காலை அல்லது பகல் சாப்பாட்டோடு: கல்சியம் மாத்திரை.

இரவு சாப்பிட்டு ஒன்றிரண்டு மணித்தியாலம் கழித்து, படுக்கப் போகும்போது: இரும்பு மாத்திரையும் விற்றமின் சியும், கொதித்தாறிய தண்ணீருடன். தேநீரும் வேண்டாம், பாலும் வேண்டாம்.

பிள்ளைக்கு ஆயத்தமாகும் காலத்திலும் முதல் 12 வாரத்திலும் கொடுக்கப்படும் போலிக் அமிலம்: நாள்தோறும் மறக்காத ஒரு குறித்த வேளையில்.

இரவில் எடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. குமட்டல் வந்தாலும் தூக்கத்தில் தெரியாமல் போய்விடும். வெறுவயிற்றில் முடியாதவர்கள் சிறிதளவு சாப்பிட்ட பின் எடுக்கலாம். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாக எடுக்க வேண்டாம்.

சாப்பாட்டிலும் இந்த ஒழுங்கைப் பார்க்கலாம். பருப்புக்கும் கீரைக்கும் தேசிக்காய் பிழிந்தால் அவற்றிலுள்ள இரும்பு இலகுவில் உறிஞ்சப்படும். நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு உண்டால் கல்சியம் கிடைக்கும். மாதத்துக்கு இரண்டு பொதி திரிபோஷா தாய்க்கென்றே தரப்படுகிறது. சோளம், சோயா, பால்மா ஆகியவற்றுடன் விற்றமின்களும் கனியுப்புகளும் சேர்த்த மா அது. அதை வீட்டார் எல்லோருக்கும் உருட்டிக் கொடுத்துவிட்டுத் தாய் வெறுந் தேத்தண்ணி குடிப்பது நியாயமா? உப்பு வாங்கும்போது அயடீன் சேர்த்த உப்பா என்று பார்க்க வேண்டும். பிள்ளையின் மூளை விருத்திக்கு அயடீன் இன்றியமையாதது. அடுப்புக்கு அருகில் திறந்து வைத்த உப்பில் அயடீன் குறைந்துபோகும். மூடிய போத்தலில் வைத்து, கறி இறக்கும் நேரத்தில் போடுவது நல்லது.

நோன்பு காலத்தில்

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும், தமக்கோ பிள்ளைக்கோ தீங்கு ஏற்படும் என்று அஞ்சினால், நோன்பை விட்டுவிட எமது மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. குருதிச்சோகை உள்ளவர் இதனை வைத்தியரிடமும் உலமாக்களிடமும் கேட்டறிந்து முடிவு செய்ய வேண்டும். நோன்பு நோற்கும் தாய் மாத்திரையைக் கைவிடத் தேவையில்லை. நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழமும் கஞ்சியும் தேநீரும் ஒன்றாக வருவதால் அது இரும்பு மாத்திரைக்குப் பொருத்தமான வேளையன்று. கல்சியத்தை இரவுச் சாப்பாட்டோடும், இரும்பையும் விற்றமின் சியையும் தராவீஹுக்குப் பின் உறங்கப் போகும்போதும் எடுக்கலாம்.

ஊரில் சொல்லும் பேச்சுகள்

"இரும்பு மாத்திரை குடித்தால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும்" என்பார்கள். கறுப்பாகப் போவது மலம் மட்டுமே. உறிஞ்சப்படாத இரும்பு அந்த நிறத்தைக் கொடுக்கிறது, அதனால் தீங்கில்லை. பிள்ளையின் நிறம் தாய் தந்தையரின் பரம்பரை அலகுகளால் தீர்மானிக்கப்படுவது. "மாத்திரை குடித்தால் பிள்ளை பெரிதாகி வயிற்றை வெட்ட வேண்டி வரும்" என்பார்கள். மாத்திரை பிள்ளையைப் பருக்க வைப்பதில்லை. எடை குறைந்து பிறப்பதைத் தடுக்கவே அது உதவுகிறது. மறுபுறம், பிரசவத்தின்போது குருதி போனால் அதைத் தாங்குவதற்கு இந்த இரும்புதான் தாயின் கையிருப்பு. ஆகவே பிரசவம் முடிந்த பின்னரும், பாலூட்டும் காலத்தில் சொல்லப்படும் காலம்வரை மாத்திரையைத் தொடர வேண்டும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. மாத்திரை நல்லது என்பதற்காக அளவை மீறக் கூடாது. விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் முளையத்தைப் பாதிக்கும். எனவே கடையில் விற்கும் சத்து மாத்திரைகளையும் மீனெண்ணெய்க் குளிசைகளையும் வைத்தியரைக் கேளாமல் சேர்த்து எடுக்க வேண்டாம். தலசீமியா உள்ளவர்கள், அது பரம்பரையில் உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இரும்பு மாத்திரையைச் சிறு பிள்ளைகள் இனிப்பென்று எண்ணிப் பல விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. லயன் காம்பராவில் இடம் குறைவுதான், ஆனாலும் மாத்திரைப் பையைக் கைக்கெட்டாத உயரத்தில் தொங்கவிடலாம் அல்லவா?

நாம் செய்யக்கூடியது

தோழியரே, இது கலியாணம் முடித்தவர்களின் விடயம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பாடசாலையில் எமக்கும் வாரத்துக்கொரு முறை இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை தருகிறார்கள். மாதவிடாயால் இழக்கும் இரும்பை ஈடுசெய்வதற்கும், நாளை தாயாகும்போது வெறுங் களஞ்சியத்தோடு தொடங்காமல் இருப்பதற்கும்தான் அது. அந்த மாத்திரை சில வேளை யன்னலுக்கு வெளியே போகிறது, சில வேளை இடைவேளைத் தேநீரோடு உள்ளே போகிறது. இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை என்று இப்போது விளங்கியிருக்கும். தண்ணீரோடு விழுங்குவோம்.

வீட்டில் மைனியோ தாத்தாவோ சாச்சியோ கர்ப்பமாக இருந்தால் கிளினிக் அட்டையையும் மாத்திரைப் பையையும் வாங்கிப் பாருங்கள். எது எந்த வேளைக்கு என்று தமிழில் பெரிதாக எழுதி, பையிலேயே ஒட்டிக் கொடுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத உம்மும்மாவுக்குச் சூரியனையும் சந்திரனையும் வரைந்து காட்டலாம்: கல்சியத்துக்குச் சூரியன், இரும்புக்குச் சந்திரன். பெற்றோரே, மகளுக்கோ மகனுக்கோ கலியாண நாள் குறித்ததும் மிட்வைப் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். போலிக் அமிலம் எப்போது தொடங்குவது, எங்கே பெறுவது என்பதை அவர் சொல்லித் தருவார்.